அரத்தில் தொடங்கும் ரயில்



1755ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்திலிருந்து 19 வயது இளைஞர் ஒருவர் லண்டன் வந்து சேர்ந்தார். கணிதக் கருவிகள் செய்யும் தொழிலைக் கற்க வேண்டும் என்பது அவர் ஆசை. அந்நாளைய வழக்கப்படி ஒரு தொழிலில் தேற வேண்டுமானால் 7 ஆண்டுகள் ஒரு பட்டறையே கதியென்று கிடக்க வேண்டும். அவருக்கோ அதற்கான வயது கடந்துவிட்டது. கையில் காசும் குறைவு. பல கடைகள் ஏறி இறங்கிய பிறகு, கார்ன்ஹில் பகுதியில் ஜான் மார்கன் என்ற கருவி வினைஞர், 20 கினி கட்டணத்துக்கு ஓராண்டில் கற்றுத்தர இசைந்தார். இளைஞர் இரவு பகல் பாராமல் உழைத்தார். உடம்பு கெட்டது, கை தேறியது. 1756இல் ஊர் திரும்பினார். அவர் பெயர் ஜேம்ஸ் வாட்.

கிளாஸ்கோ பல்கலைக்கழகம் அவருக்கு ஓர் இடம் கொடுத்துப் பட்டறை வைத்துக்கொள்ளச் செய்தது. 1763-64 குளிர்காலத்தில் அங்கே ஒரு பழுது வேலை வந்தது. மாணவர்களுக்குக் காட்டுவதற்காக வைத்திருந்த நியூகாமன் நீராவி எந்திரத்தின் சிறிய மாதிரி அது. அசல் எந்திரம் சுரங்கங்களில் நாள் முழுக்கத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. மாதிரியோ நாலைந்து தடவை அசைந்துவிட்டு நின்றது. வாட் அதைப் பிரித்தார், சரிசெய்தார், பூட்டினார். அப்போதும் நின்றது. உருளை சிறியதாக ஆக, உள்ளே அடங்கும் நீராவியோடு ஒப்பிடும்போது சுவரின் பரப்பு கூடிவிடுகிறது. ஒவ்வொரு வீச்சிலும் குளிர்ந்துபோகும் அந்தச் சுவரே நீராவியை விழுங்கிவிடுகிறது என்று அவர் கண்டுகொண்டார். 1765இல் அவருக்குத் தோன்றிய, உருளைக்கு வெளியே நீராவியைக் குளிர்விக்கும் தனிக் குளிர்கலம், 1769இல் எடுத்த காப்புரிமை ஆகிய இரண்டுக்கும் வேர் அந்த மேசை மேல் இருந்த சின்ன எந்திரம்தான். கிளாஸ்கோவின் ஹண்டேரியன் அருங்காட்சியகத்தில் அது இன்றும் இருக்கிறது.

வாட்டின் கண்டுபிடிப்பை உலகம் மறக்கவில்லை. மார்கன் கடையில் கழிந்த ஓராண்டை மறந்துவிட்டது. ஒரு மாதிரியைப் பிரித்து, எங்கே கசிகிறது, எங்கே உரசுகிறது என்று பார்க்கத் தெரிந்த கை இல்லாமல் போயிருந்தால் அந்தப் பழுது பழுதாகவே கிடந்திருக்கும். இன்றைய பேச்சு அந்தக் கையைப் பற்றியது. பிரிட்டனில் மாடல் இன்ஜினியரிங் என்று வழங்கும் கலையையும், அதில் புதிதாக நுழைகிறவர்களுக்கு நடக்கும் தொடக்கப் பயிற்சி வகுப்புகளையும் பற்றியது.

மாடல் இன்ஜினியரிங் என்றவுடன் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் பொம்மை நினைவுக்கு வரக்கூடும். இந்தக் கலைஞர்கள் செய்கிற ரயில் என்ஜினில் நிஜமான நிலக்கரி எரிகிறது, செப்புக் கொதிகலனில் தண்ணீர் கொதிக்கிறது, பிஸ்டன் ஓடுகிறது. தண்டவாள அகலம் இரண்டரை, மூன்றரை, ஐந்து, ஏழேகால் அங்குலம் என்று பல தரம். ஐந்து அங்குலப் பாதையில் ஓடும் என்ஜின், பின்னால் வண்டி கோத்து அதில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களையும் குழந்தைகளையும் இழுத்துக்கொண்டு பூங்காவைச் சுற்றிவரும். அளவுதான் சிறியது. வெப்பம், அழுத்தம், உராய்வு மூன்றும் பெரிய என்ஜினுக்கு விதிக்கும் கட்டளைகளை இதற்கும் விதிக்கின்றன.

இந்தக் கலைக்கு ஊர்கூடும் இடம் அமைத்துக் கொடுத்தவர் பெர்சிவல் மார்ஷல். 1898 ஜனவரியில் லண்டனில் ‘தி மாடல் இன்ஜினியர்’ இதழைத் தொடங்கினார். அதே ஆண்டில் அவர் முயற்சியால் ஒரு சங்கமும் பிறந்தது. சொசைட்டி ஆஃப் மாடல் அண்ட் எக்ஸ்பெரிமென்டல் இன்ஜினியர்ஸ் என்ற பெயரில் அது இன்றும் இயங்குகிறது. தெற்கு லண்டனில் வான்லெஸ் சாலையில் உள்ள அதன் கட்டடத்துக்கு மார்ஷல் இல்லம் என்று பெயர். தொடக்கநிலையாளர்களுக்கான வகுப்புகளை நடத்தும் இடங்களில் இது முக்கியமானது.

அந்த முதல் தலைமுறைக்குத் தனி வகுப்பு தேவைப்படவில்லை. ரயில்வே பணிமனைகளிலும் தொழிற்சாலைகளிலும் பழகுநராக இருந்து கற்றவர்கள் பலர். அரம் பிடிக்கவும், கடைசல் எந்திரமான லேத் ஓட்டவும் அவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடங்களிலும் உலோக வேலை ஒரு பாடம். பன்னிரண்டு வயதுப் பையன் வைஸ் என்ற பிடிகருவியின் முன்னால் நின்று இரும்புத் துண்டை ராவியிருப்பான். பின்னர் தொழிற்சாலைகள் மூடின. பழகுநர்களாகச் சேரும் வழக்கம் தேய்ந்தது. 1990 வாக்கில் தேசியப் பாடத்திட்டம் வந்தபோது பள்ளியின் பழைய உலோக வேலை வகுப்பு, வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடத்துக்குள் கரைந்தது. ஆசை தலைமுறை தாண்டி வந்தது, கைப்பழக்கம் வரவில்லை. கணக்கு எழுதியவர், கணினியில் நிரல் எழுதியவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று பலரும் என்ஜின் செய்ய ஆசைப்பட்டு வருகிறார்கள். வரைபடம் அவர்களுக்குப் புரிகிறது. கருவியைக் கையில் எடுத்தால் எந்தப் பக்கம் அழுத்துவது என்பது தெரிவதில்லை.

இந்த இடைவெளியைப் பேனாவால் நிரப்ப முயன்ற ஒருவர் இருந்தார். இதழில் அவர் இட்டுக்கொண்ட பெயர் எல்.பி.எஸ்.சி. லண்டன், பிரைட்டன் அண்ட் சவுத் கோஸ்ட் ரயில்வேயின் முதலெழுத்துகள் அவை. அந்த ரயில்வேயில் அவர் வேலை பார்த்தவர். கர்லி லாரன்ஸ் என்று நண்பர்கள் அழைத்த அவர் 1883இல் பிறந்து 1967இல் மறைந்தார். சிறிய என்ஜினில் நிலக்கரி எரித்து ஆளை இழுக்க முடியுமா என்று 1920களின் தொடக்கத்தில் ‘மாடல் இன்ஜினியர்’ இதழில் பெரிய வாதம் நடந்தது. அவர் இரண்டரை அங்குலப் பாதையில் ஓடும் தன் ‘ஆயிஷா’ என்ற என்ஜினை ஓட்டிக்காட்டினார். வளர்ந்த மனிதர் ஒருவரை அது இழுத்துச் சென்றது.

அதன்பிறகு பல பத்தாண்டுகள் அவர் எழுதிய கட்டுரைகள், பக்கத்து மேசைக்காரர் பேசுவதுபோல் இருந்தன. எந்தத் துளையை முதலில் போடுவது, எந்தத் திருகை எப்போது இறுக்குவது, இடறினால் என்ன செய்வது என்று படிப்படியாகச் சொன்னார். ‘டிச்’ என்ற அவருடைய மூன்றரை அங்குல என்ஜின் நான்கே சக்கரங்கள் கொண்டது. முதன்முதலாகச் செய்கிறவரை மனத்தில் வைத்து வரைந்தது. அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு இன்றும் பலர் வேலையைத் தொடங்குகிறார்கள்.

ஆனால் எவ்வளவு அன்பாக எழுதினாலும் எழுத்து எட்டிப் பார்க்க முடியாத இடம் ஒன்று உண்டு. ராவுகிறவரின் இடது தோள் எழும்புவதைக் கட்டுரை பார்க்காது. லேத்தில் டூல் உரசும் சத்தம் மாறியதைப் புத்தகம் கேட்காது. அதற்கு ஒரு மனிதர் பக்கத்தில் நிற்க வேண்டும். தொடக்கப் பயிற்சி வகுப்பின் நியாயம் முழுவதும் இந்த ஒன்றில் அடங்கிவிடுகிறது.

வகுப்பு பெரும்பாலும் வைஸிலும் அரத்திலும்தான் தொடங்கும். லேத்தைப் பார்க்க வந்தவருக்கு இது கொஞ்சம் ஏமாற்றம். முதல் வேலை: ஓர் எஃகுத் துண்டின் ஒரு முகத்தைச் சமமாக ராவ வேண்டும். கேட்க எளிது. புதியவர் அரத்தை முன்னே தள்ளும்போது அது தராசுபோல் ஆடுகிறது. தொடக்கத்தில் பிடிப்பக்கம் தாழ்கிறது, முடிவில் முனை தாழ்கிறது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் நடு மேடும் ஓரங்கள் சரிவுமாக இரும்பு முதுகு வளைந்திருக்கும். பயிற்றுநர் குறைசொல்வதில்லை. மூலைமட்டத்தின் விளிம்பை அந்த முகத்தின் மேல் வைத்து, துண்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிக்கச் சொல்கிறார். நடுவில் இருட்டு, இரண்டு ஓரத்திலும் வெளிச்சக் கீற்று. எங்கே எடுக்க வேண்டும் என்பதை அந்த வெளிச்சமே சொல்லிவிடுகிறது.

பிறகு நிற்கும் நிலை மாறுகிறது. வைஸின் தாடை முழங்கை உயரத்துக்கு வருகிறது. தள்ளத் தொடங்கும்போது இடது கையின் அழுத்தம் அதிகம். போகப்போக அது குறைந்து வலது கைக்கு மாறுகிறது. திரும்பும்போது அரம் வேலையை அழுத்துவதில்லை. அரத்தின் பல்லில் சுண்ணக்கட்டி தேய்த்துக்கொண்டால் துகள் அடைத்துக்கொண்டு கீறல் விழாது. இதெல்லாம் ஒரு பிற்பகலில் வந்துவிடாது. ஆனால் வெளிச்சக் கீற்று மெலிந்துகொண்டே போவதை ஒருமுறை கண்ணால் கண்டவர், பிறகு யாரும் சொல்லாமலே ராவிக்கொண்டிருப்பார்.

தமிழ்நாட்டில் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இராது. 1950இல் இந்திய அரசு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தில் ஃபிட்டர் இரண்டாண்டுப் படிப்பு. அதன் ஆரம்ப வாரங்களும் இதே அரம், இதே மட்டம், இதே தோள்வலிதான். பிரிட்டனில் பொழுதுபோக்காகக் கற்க வருகிற முதியவரும், இங்கே பிழைப்புக்காகக் கற்கும் பதினேழு வயதுப் பையனும் இரும்பின் முன்னால் ஒரே பாடத்தைத்தான் படிக்கிறார்கள்.

அடுத்து அளவு குறிக்கும் வேலை. பளபளக்கும் உலோகத்தின் மேல் நீலச் சாயம் பூசி உலரவிட்டு, ஸ்க்ரைபரால் கோடு கீறினால் கோடு வெள்ளி இழைபோல் தெரியும். அந்தக் கோட்டின் மேல் சிறு இடைவெளி விட்டுவிட்டு, கூர்முனைப் பஞ்ச் கருவியால் மெல்லிய புள்ளிகள் குத்துகிறார்கள். சாட்சிப் புள்ளிகள் என்று அவற்றைச் சொல்லலாம். கோடுவரை ராவி முடித்ததும் ஒவ்வொரு புள்ளியிலும் சரிபாதி மிஞ்சியிருக்க வேண்டும். முழுப் புள்ளி தெரிந்தால் இன்னும் எடுக்க வேண்டும். புள்ளியே காணோம் என்றால் அளவைத் தாண்டிப் போயாயிற்று. வேறு துண்டு எடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

சமதளத்துக்கு ஏன் இவ்வளவு பாடு என்ற கேள்வி எழும். இதற்கு விடை ஹென்றி மாட்ஸ்லேயின் லண்டன் பட்டறையில் இருக்கிறது. அங்கே வேலை செய்கிறவர்களின் கைக்கு எட்டும் இடத்தில் சமதளத் தகடுகள் இருந்தன; வேலையை அதன் மேல் வைத்துச் சரிபார்த்துக்கொள்வார்கள். அந்தப் பட்டறையில் 1825இல் சேர்ந்த ஜோசப் விட்வொர்த், உண்மையான சமதளம் செய்யும் முறையை 1840இல் அறிஞர் அவையில் படித்த கட்டுரையில் விளக்கினார். இரண்டு தகடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சுரண்டினால் போதாது. ஒன்று மேடாகவும் மற்றொன்று அதற்கேற்ற பள்ளமாகவும் அமைந்துவிட்டாலும் இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும். மூன்றாவது தகடு வேண்டும். மூன்றில் எந்த இரண்டை எடுத்தாலும் பொருந்தினால் மூன்றுமே சமம். மறு ஆண்டு, 1841இல், இதே விட்வொர்த் திருகுமரைக்கு 55 பாகைக் கோணத்தில் பொது அளவு வேண்டும் என்று முன்மொழிந்தார். மாட்ஸ்லேயிடம் கற்றவர்கள் வரிசையில் ஜேம்ஸ் நாஸ்மித், ரிச்சர்ட் ராபர்ட்ஸ், ஜோசப் கிளெமென்ட் என்று பெரிய பெயர்கள் வருகின்றன. ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் நின்று கற்றதில் விளைந்த வரிசை அது.

அடுத்த கட்டம் லேத். வகுப்பில் இந்த எந்திரத்தின் பேச்சு வந்தாலே மைஃபோர்டு பெயரும் வந்துவிடும். சிசில் மூர் 1934இல் நாட்டிங்ஹாம் அருகே பீஸ்டனில் தொடங்கிய நிறுவனம் அது. 1946இல் வந்த எம்.எல்.7 லேத் பல்லாயிரம் வீட்டுப் பட்டறைகளின் இதயமாக இருந்தது. 2011இல் அந்தப் பழைய தொழிற்சாலை மூடிவிட்டாலும் எந்திரங்கள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. இன்னொரு பக்கம் சீனாவில் செய்த சிறிய லேத்கள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. எந்திரம் வாங்குவது இப்போது எளிது. அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்த பிறகுதான் கஷ்டம் தொடங்குகிறது. வகுப்புக்கு வருகிறவர்களில் வீட்டில் லேத் ஒன்று துணி போர்த்திக் கிடப்பவர்கள் நிறைய.

லேத் வகுப்பின் முதல் பாடம் பாதுகாப்பு. வேலைத்துண்டைப் பற்றிப் பிடிக்கும் சக்கில் அதை இறுக்கும் சாவியை வைத்துவிட்டு மோட்டாரைப் போடவே கூடாது. சாவியிலிருந்து கையை எடுக்கிறோம் என்றால் சாவியும் கையோடு வர வேண்டும். கையுறை கூடாது, சுழலும் உருளை நூலைப் பற்றினால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். முழுக்கை மடித்திருக்க வேண்டும், கூந்தல் கட்டியிருக்க வேண்டும், கண்ணாடி போட்டிருக்க வேண்டும். எஃகுச் சுருள் நாடாபோல் அழகாக வரும்; அதைக் கையால் தொட்டால் சவரக்கத்தி. கொக்கிதான் அதற்கு.

இதன்பின் டூலின் உயரம். டூலின் முனை, சுழலும் கம்பியின் மையத்துக்கு நேராக இருந்தால்தான் சீராக வெட்டும். பார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. எந்திரம் நின்றிருக்கும்போது, ஒரு மெல்லிய எஃகு ஸ்கேலை டூலின் முனைக்கும் கம்பிக்கும் நடுவே மெல்லப் பிடித்து நிறுத்த வேண்டும். ஸ்கேல் நேராக நின்றால் உயரம் சரி. அதன் தலை நம் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது. எதிர்ப்பக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது. மாணவர் தாமே மெல்லிய தகடுகளை டூலின் அடியில் வைத்து உயர்த்திப் பார்க்கிறார். ஸ்கேல் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்கிறது. பிறகு வெட்டும்போது, அதுவரை கிறீச்சிட்ட சத்தம் அடங்கிச் சீறல்போல் வருகிறது.

வேகத்துக்குச் சின்னக் கணக்கு ஒன்று. சாதா எஃகை ஹைஸ்பீடு ஸ்டீல் டூலால் வெட்டும்போது பரப்பு நிமிடத்துக்குச் சுமார் 25 மீட்டர் ஓடினால் நல்லது. 20 மி.மீ. விட்டமுள்ள கம்பிக்கு அது நிமிடத்துக்குச் சுமார் 400 சுற்று. விட்டம் பாதியானால் சுற்று இரண்டு மடங்கு. பித்தளைக்கு இன்னும் வேகம் கொடுக்கலாம். இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தடித்ததற்கு மெதுவாக, மெலிந்ததற்கு வேகமாக என்ற உணர்வு கையில் இறங்கினால் போதும்.

அளவெடுப்பதில்தான் புதியவர் அதிகம் தடுமாறுவது. குறுக்கு நகர்த்தியை 0.1 மி.மீ. உள்ளே தள்ளினால் விட்டத்தில் 0.2 மி.மீ. குறைகிறது, இரண்டு பக்கமும் சேர்ந்து குறைவதால். திருகில் உள்ள தளர்வை மறந்து கைப்பிடியைப் பின்னால் திருப்பினால் டயல் நகரும், டூல் நகராது. ஆகவே எப்போதும் ஒரே திசையில்தான் அளவை அணுக வேண்டும். இன்னொன்று சூடு. 25 மி.மீ. எஃகு 40 பாகை சூடேறினால் சுமார் 0.01 மி.மீ. பெருக்கிறது. வெட்டிய சூட்டோடு மைக்ரோமீட்டர் வைத்துச் சரியென்று எடுத்த உருளை, தேநீர் குடித்து வருவதற்குள் சிறுத்துப்போயிருக்கும். ஆறட்டும் என்று காத்திருப்பதும் பட்டறைத் திறமைகளில் ஒன்று.

கொதிகலன் இந்தத் தொடக்க வகுப்புகளுக்கு அப்பாற்பட்டது. அப்படி இருப்பதே சரி. செப்புத் தகட்டைச் சிவக்கக் காய்ச்சி மென்மையாக்கி வளைத்து, 600 பாகைக்கு மேல் உருகும் வெள்ளிப் பற்றாசு வைத்து இணைப்பது தனிப் படிப்பு. பிரிட்டிஷ் சங்கங்களின் விதிப்படி புதுக் கொதிகலனை ஓட்ட அழுத்தத்தைப் போல் இருமடங்கு தண்ணீர் அழுத்தத்தில் சோதிக்கிறார்கள். காற்றுக்குப் பதில் தண்ணீர் வைப்பதற்குக் காரணம் உண்டு: தண்ணீர் அமுங்காது, அதனால் தகடு பிளந்தாலும் வெடித்துச் சிதறாமல் பீறிட்டு அடங்கிவிடும். கொதிகலனுக்கு அவசரப்படும் மாணவரைப் பொறுமையாகத் திருப்பியனுப்பும் பயிற்றுநர் அவருக்கு நன்மையே செய்கிறார்.

நல்ல வகுப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தயக்கமின்றிச் சொல்லிவிடலாம். எந்திரத்துக்கு இரண்டு பேருக்கு மேல் கூடாது. மூன்றாமவர் வேடிக்கைதான் பார்ப்பார். கரும்பலகைப் பேச்சு குறைவாகவும் மேசை வேலை அதிகமாகவும் இருக்க வேண்டும். மாணவர் கெடுத்த துண்டைப் பயிற்றுநர் தம் கையால் திருத்திக் கொடுக்கக் கூடாது. இன்னொரு துண்டு கொடுத்து மறுபடி செய்யவைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முடித்த ஒரு பொருளோடு மாணவர் வீடு திரும்ப வேண்டும். பாதி வேலைகள் அலமாரியில் தூசி படிவதால் இந்தக் கலையை விட்டவர்கள் ஏராளம்.

அப்படி முடிப்பதற்கு ஏற்ற பொருள், ஆடும் உருளை எந்திரம். ஸ்டூவர்ட் நிறுவனத்தின் 10வி போன்ற வார்ப்படத் தொகுதிகள் அதற்கு அடுத்த படி. முக்கால் அங்குல உருளையும் மூன்று அங்குல விசைச் சக்கரமும் கொண்ட அழகான நிமிர் எந்திரம் 10வி. ஆடும் எந்திரத்தில் வால்வு இல்லை. உருளையே ஒரு முளையைச் சுற்றி இப்படியும் அப்படியும் ஆடுகிறது. உருளையின் முகத்தில் ஒரு துளை. அது உரசி நிற்கும் தூணின் முகத்தில் இரண்டு துளைகள். ஒரு பக்கம் ஆடும்போது உள்வரும் துளையோடு ஒன்றுகிறது, பிஸ்டன் தள்ளப்படுகிறது. மறுபக்கம் ஆடும்போது வெளியேறும் துளையோடு ஒன்றுகிறது, காற்று வெளியேறுகிறது. சிறு ஸ்பிரிங் ஒன்று இரண்டு முகங்களையும் அழுத்திப் பிடித்திருக்கிறது. அவ்வளவுதான் எந்திரம்.

கடைசி நாளில் அதைக் காற்றுக் குழாயோடு இணைக்கிறார்கள். சைக்கிள் பம்பே போதும். மாணவர் சக்கரத்தை விரலால் தட்டுகிறார். புஸ்ஸென்ற சத்தம், சக்கரம் அரைச் சுற்று வந்து நின்றுவிடுகிறது. கிளாஸ்கோவில் நின்ற மாதிரிபோல இதுவும் காரணத்தைத் தானே சொல்கிறது: உரசும் முகங்கள் சமமில்லை, நடுவே காற்று ஒழுகுகிறது. பயிற்றுநர் ஒரு கண்ணாடித் தகட்டை எடுத்து மேசையில் வைக்கிறார். அதன் மேல் மெல்லிய எமரித் தாள், இரண்டு சொட்டு எண்ணெய். உருளையின் முகத்தை அதில் வைத்து 8 எழுதுவதுபோல் தேய்க்கச் சொல்கிறார். துடைத்துப் பார்த்தால் ஓரங்கள் மட்டும் சாம்பல் நிறம், நடு பளபளப்பு. இன்னும் தேய்க்கிறார். சாம்பல் நிறம் நடுவை நோக்கி நகர்ந்து, முகம் முழுவதும் பரவுகிறது. முதல் நாள் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்த அதே பாடம்.

மறுபடி பூட்டுகிறார். ஒரு சொட்டு எண்ணெய். விரலால் ஒரு தட்டு. சக்கரம் சுற்றத் தொடங்குகிறது, நிற்கவில்லை. உருளை ஆடுவது கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் டிக்டிக்கென்று ஓடுகிறது. பக்கத்து மேசைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நிற்கிறார்கள். ஐம்பது வயது, அறுபது வயது மனிதர்கள் பம்பை மாறி மாறி அடித்து அதை ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். மேசையின் ஓரத்தில் ‘டிச்’ என்ஜினின் வரைபடம் சுருட்டியபடி காத்திருக்கிறது. அதன் முதல் வேலை சட்டத் தகடுகளை ராவி ஒரே அளவுக்குக் கொண்டுவருவது.